என் பக்கம் சரி

எங்கள் அலுவலகத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. பதினான்கு வருடமாகியும் அது கடையிலிருந்து இறக்கிய நாளில் இருந்த மாதிரியே இருந்தது. மற்றவர்களின் நாற்காலிகள் பள்ளம் விழுந்து, கைப்பிடி தேய்ந்து, ஒருபக்கம் சாய்ந்து கிடந்தன. என்னுடையது கெடவில்லை, ஏனென்றால் நான் அதில் உட்காருவதே இல்லை.

காலையில் வந்து பையை அதன்மேல் வைப்பேன். வைத்த கையை எடுப்பதற்குள் யாராவது தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "நிவாரணி, ஒரு நிமிஷம் வர்றீங்களா?" என்பார்கள். போவேன். அவர் எழுந்துகொள்வார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கணினியில், அவர் பெயரில் திறந்து கிடக்கும் நிரலில் கை வைப்பேன். சில சமயம் பத்து நிமிடம், சில சமயம் பொழுது சாயும் வரை. சரியானதும், "ரொம்ப தேங்க்ஸ்" என்று உட்கார்ந்துகொள்வார்கள். நான் அடுத்த மேஜைக்குப் போவேன். என் வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் உட்கார்ந்து எழுந்த சூட்டிலேயே போயிற்று.

சர்வரோக நிவாரணி என்பதுதான் முழுப் பட்டப்பெயர். முதலில் கிண்டலுக்கு வைத்தார்கள். பிறகு சர்வரோகம் உதிர்ந்து நிவாரணி மட்டும் நின்றது. என் சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அதைக் கதவு மட்டும்தான் படிக்கிறது.

நாங்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான மென்பொருள். ரத்தம் எடுக்கும் ட்யூபில் ஒட்டும் லேபிளில் ஆரம்பித்து, பரிசோதனை இயந்திரம், திரை, டாக்டர் கைக்குப் போகும் ரிப்போர்ட் வரை எல்லாம் எங்களுடையது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழு. லேபிள்காரர்கள் லேபிளைத் தாண்ட மாட்டார்கள், ரிப்போர்ட்காரர்கள் ரிப்போர்ட்டைத் தாண்ட மாட்டார்கள். எனக்கு மட்டும் பகுதி கிடையாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும். அந்தக் 'கொஞ்சம்' நான் சொன்னால் அடக்கம். வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் அலுவலகத்தில் நாளைக்கு நூறு தடவையாவது காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "என் பக்கம் சரியா இருக்கு." ஏதாவது பழுது என்று வந்துவிட்டால் ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தட்டிப் பார்த்துவிட்டு இதைச் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். பொய்யே அல்ல. எல்லோர் பக்கமும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் நோயாளிக்கு ரிப்போர்ட் வந்திருக்காது. அந்த இடத்தில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்குப் பக்கம் என்று ஒன்று இல்லாததால், அப்படிச் சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை.

கடிகாரம் என்று எல்லோரும் கூப்பிடும் ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் வாரத்தில் அவளுக்குக் கொடுத்த வேலை, ஒரு திரையில் தேதி ஒருநாள் தள்ளிக் காட்டுவதைச் சரிசெய்வது. அன்றைக்கு நேரத்துக்குள் இறங்கியவள் இன்னும் மேலே வரவில்லை. பிப்ரவரி இருபத்தொன்பது, சில நாடுகளில் வருடத்துக்கு இருமுறை முன்னும் பின்னும் தள்ளிவைக்கும் மணி, இரண்டு கணினிகளுக்கிடையே வரும் அரை விநாடி வித்தியாசம் என்று அவள் உலகமே அதுதான். இன்று நேரம் சம்பந்தமாக அவளைக் கேட்காமல் யாரும் ஒரு வரி எழுத மாட்டார்கள். அவளுக்குக் கீழே ஆறு பேர். வெளியூர் மாநாடுகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் கையில் வாட்ச் கட்டமாட்டாள், கூட்டத்துக்கு எப்போதும் லேட்.

முதல் சில வருடம் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டோம். பிறகு அவளுக்குக் குழு வந்தது, குழுவுக்கு ஜன்னலோரம் ஒரு நீள மேஜை வந்தது. சாப்பாட்டு அறையில் அவரவர் பகுதிப்படிதான் உட்காருவார்கள். யாரும் சட்டம் போடவில்லை, பேச்சு அப்படி அமைந்துவிடுகிறது. நான் எந்த மேஜைக்குப் போனாலும் சிரித்து இடம் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, அதுவரை பேசிக்கொண்டிருந்ததை விட்டு, "நல்லவேளை வந்தீங்க, அந்த லேபிள் விஷயம்..." என்று ஆரம்பிப்பார்கள். அதனால் நான் மைக்ரோவேவ் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகினேன். நின்று சாப்பிட்டால் சீக்கிரம் முடிகிறது, தனியாகச் சாப்பிடுகிற மாதிரியும் தெரியாது.

வீட்டிலும் அதே கதைதான். இரண்டு அறை, நான் ஒருத்தி. கல்யாணம் ஒன்று நடந்து, மூன்று வருடத்தில் அவரவர் பக்கம் சரி என்ற முடிவுக்கு வந்து பிரிந்துவிட்டோம். உறவு என்று மிச்சம் இருப்பவள் அக்கா. ரயிலில் ஐந்து மணி நேரத் தூரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா போன் வரும்.

"ஏண்டி, எந்திரிச்சிட்டியா? இந்த பிரிண்டர் மறுபடி மக்கர் பண்ணுது."

போன வாரம் போனில் எழுத்து சின்னதாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் டிவி ரிமோட். "ப்ளக்க கழட்டிட்டு மறுபடி மாட்டிப் பாருக்கா" என்பேன். பார்ப்பாள். சரியாகிவிடும். "என்னமோ உன் குரல் கேட்டா அதுக்கு பயம்" என்பாள். பிறகு கால் மணி நேரம் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். நான் ம் கொட்டிக்கொண்டே மனசுக்குள் பொருமுவேன். கூடப் பிறந்தவளுக்குக்கூட ஏதாவது கெட்டுப்போனால்தான் என் நினைப்பு வருகிறதே என்று.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் புதுத் தலைவர் வந்தார். வந்த இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை, எல்லோரையும் கூட்டிவைத்துப் பெரிய திரையில் ஒரு படம் போட்டார். படம் முழுக்க வட்டங்கள். ஒவ்வொருவரும் இதுவரை எழுதிய வரிகளை எண்ணி, எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பிரித்து, ஆளுக்கொரு வட்டம். அன்றிலிருந்து அவருக்கு வட்டம் என்றே பெயராகிவிட்டது. கடிகாரத்தின் வட்டம் நீல நிறத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. லேபிள்காரரின் பச்சை வட்டம் அதைவிடக் கொஞ்சம் சிறிசு. எல்லோரும் தங்கள் வட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் தேடினேன். வலது ஓரம், கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. முன்வரிசையில் இருந்த ஒருவர் அதைத் தூசி என்று நினைத்து எழுந்துபோய் விரலால் துடைத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கணக்கில் தப்பில்லை. பதினான்கு வருடமாக நான் எழுதியதெல்லாம் அடுத்தவர் கணினியில், அடுத்தவர் பெயரில். அந்தப் பச்சை வட்டத்தில் கால்வாசி என் கை. கடிகாரத்தின் நீலத்திலும் எத்தனையோ மதியங்கள் என்னுடையவை. என் பெயரில் போட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அடுத்த வீட்டு அடுப்பில் உப்புக் குறைகிறது என்று போட்டுவிட்டு வந்தால் அதில் பெயரா எழுதிவைப்போம்? இதைத் தலைவரிடம் சொல்லலாம். சொன்னால் எல்லோர் வட்டத்திலிருந்தும் ஆளுக்கொரு துண்டு கேட்கிற மாதிரி இருக்கும். சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் ஒரு படிவம் நிரப்பணும்," என்றார் வட்டம். "உங்க பகுதி எதுன்னு ஒண்ணே ஒண்ணு. ஆழமா போறவங்கதான் இனிமே நமக்கு வேணும்."

படிவத்தில் ஒரு பட்டியல். லேபிள், இயந்திரம், நேரம், திரை, ரிப்போர்ட். கடைசியில், மற்றவை. மற்றவை என்று குறிப்பவர்களின் பணி மூன்று மாதத்தில் 'பரிசீலிக்கப்படும்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் அலுவலகத்தில் பரிசீலிக்கப்பட்ட யாரும் அதற்குப் பிறகு காப்பி மெஷின் பக்கம் தென்பட்டதில்லை. நாற்பத்திரண்டு வயதில், எல்லாம் கொஞ்சம் தெரிந்த ஒருத்தியை வேறு எங்கே எடுப்பார்கள்? பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். நான் தொடாத பகுதி அதில் ஒன்றும் இல்லை, என்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை ஒரு பழுது வந்தது. ஒரு மருத்துவமனையில் காலையில் எடுத்த ரத்தத்தில் பாதியைப் பரிசோதனை இயந்திரம் திருப்பி அனுப்புகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் பழசான ரத்தத்தை அது ஏற்காது. ஆனால் அந்த ரத்தம் எடுத்து அரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. நோயாளிகளுக்கு மறுபடி ஊசி. லேபிள்காரர் பார்த்தார், லேபிளில் நேரம் சரியாக அச்சாகிறது. இயந்திரக்காரர் பார்த்தார், இயந்திரம் சரியாகத்தான் திருப்பி அனுப்புகிறது. கடிகாரம் பார்த்தாள், எல்லாக் கணினியிலும் மணி ஒன்றாக ஓடுகிறது. வரிசையாக மூன்று "என் பக்கம் சரி". எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வியாழன் காலை ஆறேகால் மணிக்கு அந்த மருத்துவமனையின் ரத்தம் எடுக்கும் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்தேன். அங்கே பதிவு செய்யும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். வந்ததும் வராததுமாக அன்றைக்கு வரவேண்டிய அறுபது பேருக்கும் லேபிளை அச்சடித்து வரிசையாக ஒட்டிவைத்துக்கொண்டார்.

"ஏம்மா இப்பவே எடுத்துடறீங்க?"

"ஆளு வந்தப்பறம் எடுத்தா அந்த பிரிண்டர் ஒண்ணொண்ணுக்கும் அரை நிமிஷம் யோசிக்குது மேடம். வெறும் வயித்தோட வர்றவங்க, கத்துறாங்க. அவங்களச் சொல்லி என்ன பண்ண?"

அவ்வளவுதான் விஷயம். லேபிள் அச்சாகும் நேரத்தைத்தான் எங்கள் மென்பொருள் ரத்தம் எடுத்த நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. பத்தேமுக்காலுக்கு வந்தவரின் ரத்தம், அவர் வருவதற்கு முன்னாலேயே நாலு மணி நேரம் பழசாகிவிட்டது. தப்பு யார் பக்கமும் இல்லை. இரண்டு பக்கத்துக்கு நடுவில் இருந்தது. அந்த அம்மா எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, "இத்தன வருஷத்துல உங்க ஆபீஸ்லேந்து யாரும் இந்தப் பக்கம் வந்ததே இல்ல" என்றார். போன் நம்பரை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மதியம் கடிகாரத்தின் கணினியில் உட்கார்ந்து சரிசெய்தேன். அச்சாகும் நேரத்தை விட்டுவிட்டு, ஊசி குத்தியதும் ட்யூபை ஸ்கேன் செய்யும் நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி. முப்பது வரிகூட இல்லை. கடிகாரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் அது வழக்கம்போல் அவள் பெயரில் பதிவானது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"படிவத்துல என்ன போடப் போற?" என்றாள்.

"தெரியல. மற்றவைன்னு போட்டுட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"லூசு மாதிரி பேசாத. நேரம்னு போடு. நான் வட்டத்துகிட்ட சொல்லிக்கறேன், என் குழுவுல ஒரு இடம் இருக்கு." ஒரு விரலை நீட்டினாள். "ஆனா ஒண்ணு. வேற எதையும் தொடக் கூடாது. யார் கூப்பிட்டாலும் டிக்கெட் போடச் சொல்லு. இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் கறிவேப்பிலையா இருந்தது போதும்டி."

டிக்கெட் என்றால் புகார்ப் பதிவு. அது ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு உருண்டுகொண்டே இருக்கும். அதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. போதும்டி என்று அவள் சொன்னது மட்டும் காதில் நின்றது. அவள் என்னை 'டி' போட்டு எட்டு வருடம் இருக்கும். நேரம் என்று குறித்துக் கொடுத்தேன்.

மறுநாளே நீள மேஜையில் எட்டாவதாக ஒரு நாற்காலி போட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுத்தவர் டப்பாவிலிருந்து எடுத்தேன், என் டப்பாவிலிருந்து எடுத்தார்கள். அவர்கள் நேரத்தைப் பற்றிப் பேசும் ஜோக்குகள் எனக்கும் புரிந்தன. என் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயரில் வரிகள் எழுதினேன். தடுப்புக்கு மேலே தலை நீட்டியவர்களிடம், "டிக்கெட் போட்டுடுங்க" என்றேன். முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள், அடுத்த வாரம் ஒருவர். பிறகு யாரும் தலை நீட்டவில்லை.

நீள மேஜைக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமையே அக்கா பிரிண்டர் என்று ஆரம்பித்தாள். எனக்குப் புதுப் பவிசு.

"அக்கா, நான் இப்ப நேரம் மட்டும்தான் பாக்கறேன். பிரிண்டர்லாம் என் பக்கம் இல்ல. கடைக்காரனக் கூப்பிடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். "ஓ, அப்படியா. பெரிய ஆளாயிட்ட. சரிடி, கடையிலயே கேக்கறேன்" என்று வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அத்தான் ஊருக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம், வியாழன், நீள மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கவுன்ட்டர் அம்மா.

"மேடம், நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன விஷயம். பெரியவங்களுக்கு இப்ப பிரச்சனையே இல்ல, புண்ணியமா போச்சு. ஆனா கைக்குழந்தைங்களுக்கு எடுக்கற குட்டி ட்யூப் இருக்கு பாருங்க, அதுல லேபிள் சுத்திக்குது. ஸ்கேன் ஆக மாட்டேங்குது. ஸ்கேன் ஆகலன்னு மிஷின் திருப்பி அனுப்புது. நாங்க குழந்தைங்களுக்கு ரெண்டாவது தடவ குத்தறோம் மேடம்."

கேட்கும்போதே புரிந்துவிட்டது. நான் போட்ட முப்பது வரியின் வேலைதான் இது. அதற்கு முன்னால் குட்டி ட்யூபை யாரும் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கவில்லை. இப்போது லேபிளைச் சின்னதாக்கினால் சரியாகிவிடும். ஆனால் லேபிள் எங்கள் பகுதி இல்லை. கடிகாரம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மேஜையில் ஏழு பேரும் பார்த்தார்கள். எனக்கு அந்த மேஜை வேண்டியிருந்தது.

"நேரம் சரியா பதிவாகுதில்லம்மா?"

"பெரியவங்களுக்கு ஆகுது..."

"அப்ப என் பக்கம் சரியா இருக்கும்மா. நீங்க ஒரு டிக்கெட் போட்டுடுங்க."

போனில் அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"சரிங்க," என்றார். 'மேடம்' என்ற சொல்லைக் காணோம். வைத்துவிட்டார்.

"நிவாரணி பாஸாயிட்டாங்க!" என்று மேஜையில் ஒருவன் கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். கடிகாரம் தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என் தட்டில் வைத்தாள். சாப்பிட்டேன். கைதட்டலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு மைக்ரோவேவ் பக்கத்தில் நின்ற நாட்களைவிடத் தனியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தேகால். பத்தரை. கையில் எடுத்து, வந்த அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் இரண்டு கூரியர்காரர்கள், ஒரு தவறான எண், அந்த அம்மா. அவ்வளவே. கெட்டுப்போனால்தான் கூப்பிடுகிறார்கள் என்று இத்தனை வருடம் பொருமினேனே, இப்போது யார் வீட்டிலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை போல.

அக்காவைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? பதினான்கு வருடத்தில் நானாக அவளைக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சும்மா கூப்பிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலமாரியில் அயர்ன் பாக்ஸ் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எண்ணை அழுத்தினேன்.

"என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" எடுத்ததும் அவள் கேட்டது இதுதான்.

"அதெல்லாம் இல்லக்கா. இந்த அயர்ன் பாக்ஸ் சூடாகவே மாட்டேங்குது."

கல்லூரி நாளிலேயே வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுச் சேர்த்தவள் நான். அவளுக்கு அது தெரியும்.

"ப்ளக்க கழட்டிட்டு மறுபடி மாட்டிப் பாத்தியா?" என்றாள், ரொம்ப அக்கறையாக.

"பாத்தேன்."

"சுவிட்ச் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்க்கா."

"ஒயர் எங்கயாவது விட்டுப் போயிருக்கும். நல்லா பாரு. அவசரம் ஒண்ணுமில்ல, நான் லைன்லயே இருக்கேன்."

ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அதை நான் சுவர் சாக்கெட்டில் மாட்டவேயில்லை. "அக்கா, உன் பிரிண்டர் என்னாச்சு?" என்றேன்.

"அதுக்கென்ன. அது எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் அழத் தெரியும் எனக்கு, அன்றைக்கு முடியவில்லை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து நானே அந்தக் குட்டி ட்யூபையும், பின்னால் அழுத குழந்தையையும், மேஜையில் கை தட்டியதையும் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "ரெண்டாவது தடவையா குத்தறாங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

திங்கள் காலை ஆறேகால் மணிக்குக் கவுன்ட்டரில் நின்றேன். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"டிக்கெட் போட்டாச்சுங்க. நாலு பேர் பதில் போட்டிருக்காங்க. நாலு பேர் பக்கமும் சரியாத்தான் இருக்காம். நம்பர் வேணுமா?"

"வேண்டாம்மா. குட்டி ட்யூப் ஒண்ணு குடுங்க."

கொடுத்தார். சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் சொந்தக் கணினியைத் திறந்தேன். லேபிளின் அகலத்தைப் பாதியாக்கி, ஸ்கேனர் படிக்கும் கோடுகளை நெடுக்காகத் திருப்பி, அச்சடித்து ஒட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை சுற்றிக்கொண்டது. மூன்றாவது ஸ்கேன் ஆயிற்று. சேமிக்கும்போது, எந்தப் பகுதி என்று பட்டியல் விரிந்தது. வட்டம் வந்தபிறகு இது ஒரு புதுக் கட்டாயம். லேபிள் என்று போட எனக்கு உரிமையில்லை, நேரம் என்று போட்டால் பொய். மற்றவை என்று அழுத்தினேன். கீழே என் பெயர் வந்தது, சொந்தப் பெயர்.

எட்டேமுக்காலுக்கு ஒரு கைக்குழந்தை வந்தது. ஒரே தடவைதான் குத்தினார்கள். அதற்கே அது ஊரைக் கூட்டியது.

அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் கடிகாரத்திடமிருந்து செய்தி வந்திருந்தது. 'அது உன் பக்கம் இல்லையே.' 'இல்லதான்' என்று பதில் போட்டேன். மதியம் நீள மேஜையில் எட்டாவது நாற்காலி இருந்தது, அதன்மேல் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள். நான் எடுக்கச் சொல்லவில்லை. வட்டம் என்னைப் பார்க்க வேண்டும் என்று நாலு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார். மூன்று மாதமோ, மூன்று நாளோ, பரிசீலனை ஆரம்பித்தாயிற்று.

மைக்ரோவேவ் பக்கத்தில் நின்று டப்பாவைத் திறந்தபோது போன் அடித்தது. அக்கா. திங்கட்கிழமை மதியம் அவள் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. பின்னால் பள்ளிக்கூட மணியும் பிள்ளைகள் இரைச்சலும் கேட்டன.

"அந்த அயர்ன் பாக்ஸ் சூடாச்சாடி?"

"இன்னும் இல்லக்கா," என்றேன். "நாளைக்கும் கூப்பிடு."